யுரேனஸுக்கு ஒரு கறுப்பு வளையல்

பள்ளிக்கூடங்களுக்குச் சாமான் விற்கிற தொழிலில் வாங்குகிறவர் ஒருத்தர், பாடம் நடத்துகிறவர் ஒருத்தர், உடைக்கிறவன் ஒருத்தன். ஏச்சு வாங்குகிறவன் மட்டும் எப்போதும் நாம்தான். கையில் பையும் வாயில் சிரிப்புமாக ஊர் ஊராக அலைந்த சேல்ஸ்மேன் சகோதரர்களே, உங்களுக்கா தெரியாது?

எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு கடையில் எனக்கு இந்த வேலை. சார்ட், உலக உருண்டை, சோதனைக் குழாய் எல்லாம் விற்போம். அப்போது புளியங்குடியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. சும்மா இல்லை, ராத்திரி தூக்கம் கெடுகிற அளவுக்குப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா எலுமிச்சை மண்டிக்காரர். "வேலை நிரந்தரம்னு முதலாளி வாயால சொல்லட்டும், தட்டு மாத்திக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டார். முதலாளியோ, "புதுசா ஒரு சரக்கு வருது, அதுல ஒண்ணாவது வித்துக் காட்டு, நிரந்தரம் பண்ணுதேன்" என்றார். ஆக, என் கல்யாணம் அந்தச் சரக்கின் கையில்.

படுத்துக்கொண்டு வந்த சரக்கு

சரக்கு என்றால் சூரிய மண்டல மாடல். நடுவில் மஞ்சளாகச் சூரியன். சுற்றிலும் ஒன்பது மரப் பந்துகள். கைப்பிடியைச் சுற்றினால் ஒன்பதும் சுற்றும். ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் ஒரு கம்பி அச்சு. எல்லாம் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்க, ஏழாவதாக இருந்த நீலப்பச்சைப் பந்து மட்டும் அச்சோடு சேர்ந்து பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. லாரியில் அடிபட்டிருக்கும் என்று முதலாளி அடுத்த பெட்டியைப் பிரித்தார். அதிலும் அப்படித்தான். எல்லாப் பெட்டியிலும் அதே படுக்கை.

கூட வந்த குறிப்பைப் படித்துப் பார்த்து, "அண்ணாச்சி, இது யுரேனஸ். நிஜத்துலயே இது படுத்துக்கிட்டுத்தான் சுத்துதாம்" என்றேன். முதலாளி பந்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"படுத்துக்கிட்டே சுத்துததுக்கு நம்ம கடையில நீ ஒருத்தன் போதாதாலே?"

சாட்சி

வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மாடலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் சூரியனுக்கு லக்கேஜ் போடலாமா என்று யோசித்துவிட்டு, பாவம் என்று விட்டுவிட்டார்.

தலைமையாசிரியர் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஏழாவது பந்தைப் பார்த்ததும் வாடியது. உடனே ஆள்காட்டி விரலால் அதை நிமிர்த்தப் பார்த்தார். இதை நான் அப்புறம் எல்லா ஊரிலும் பார்த்துவிட்டேன். அந்தப் பந்தைக் கண்டால் யாருக்கும் விரல் சும்மா இருக்காது. நான் குறிப்பை எடுத்து நீட்டினேன். அவர் முழுசாகப் படித்தார். அறிவியல்படி நான் சொல்வதே சரி என்று பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார். அப்புறம் மாடலை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, ஆடிட்காரன் வந்து, டேமேஜ் சாமானை ஏன்வே வாங்கினீருன்னு கேட்டா, நான் யுரேனஸையா சாட்சிக்குக் கூப்பிட முடியும்?"

ஒரு நாள் கூலி

பனவடலிசத்திரத்துக்குப் போகிற வழியில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அங்கே தாளாளர் வைத்ததுதான் சட்டம். இந்தத் தடவை குறையையே பெருமையாக்கிப் பேசுவது என்று தீர்மானித்துப் போனேன். "ஐயா, இப்படிப் படுத்துக் கிடக்கதுனால அங்க துருவத்துல நாப்பத்திரண்டு வருசம் ஒரே பகல். அடுத்த நாப்பத்திரண்டு வருசம் ஒரே ராத்திரி. இந்த அதிசயம் வேற எந்தக் கிரகத்துல இருக்கு?" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

தாளாளர் கண்ணை மூடிக்கொண்டார். சரி, மனுஷன் அதிசயத்தில் மூழ்கிவிட்டார், இன்றைக்கு ஆர்டர் நிச்சயம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து கேட்டார்:

"அப்ப அங்கன வாத்தியார்மாருக்கு நாப்பத்திரண்டு வருசத்துக்கும் சேத்து ஒரு நாள் சம்பளம் கொடுத்தாப் போதும், என்ன?"

மாடல் வாங்கவில்லை. அந்த யோசனையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வளையல் கடை

பட்ட காலிலேயே படும் என்பார்களே. பேப்பர் படிக்கிற ஒரு அறிவியல் ஆசிரியர், "யுரேனஸுக்கும் வளையம் இருக்காமே, கரி மாதிரிக் கறுத்த, மெல்லிசான வளையமாம். உங்க மாடல்ல காணோமே?" என்று கேட்டுவிட்டார். அதுவரை டேமேஜ் சாமானாக மட்டும் இருந்தது, இப்போது குறைச் சாமானாகவும் ஆகிவிட்டது. முதலாளியிடம் சொன்னேன். "கோயில் வாசல்ல கண்ணாடி வளையல் விக்காம்லா, கறுப்புல ஒண்ணு வாங்கி மாட்டுலே" என்றார்.

போனேன். "ஒத்தைக் கறுப்பு வளையல் கொடுங்கம்மா" என்றேன். அளவு கேட்டார்கள். எலுமிச்சம்பழ அளவுப் பந்தைப் பையிலிருந்து எடுக்கத் திரும்பினால், பின்னால் நெற்றியில் குங்குமத்தோடு புளியங்குடி மண்டிக்காரர் நிற்கிறார். கோமதியம்மனைக் கும்பிட வந்திருக்கிறார். நான் பல்லைக் காட்டினேன். வளையல்காரம்மாவுக்கு என்ன தெரியும் பாவம், சந்தோஷமாகக் கேட்டார்கள்:

"கறுப்பு வளையலா? வீட்ல அவுகளுக்கு இது எத்தனாவது மாசம்?"

விசாரணை

"ஐயா, இது ஒரு கிரகத்துக்கு" என்றேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வளையலை மட்டும் குண்டூசிகள் அடித்துப் பந்தைச் சுற்றி நிறுத்தி முடித்தேன். கிரகம் படுத்திருப்பதால் வளையம் ராட்டினம் மாதிரி செங்குத்தாக நின்றது. அழுகிற நிலைமையிலும் அது எனக்கு அழகாகத் தெரிந்தது.

காலையில் மண்டிக்காரர் கடைக்கே வந்துவிட்டார். "உம்ம ஆளு யாருக்குவே வளைகாப்பு நடத்துதான்?" என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி சிரித்துக்கொண்டே அவரை மாடலுக்கு முன்னால் கொண்டு நிறுத்தினார். மண்டிக்காரர் குனிந்தார். வளையலைப் பார்த்தார். மூச்சு விட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அதோடு விட்டாரா? விரல் போய்விட்டது. படுத்திருந்த பந்தை ஒரு திருப்புத் திருப்பினார். டிங் என்று வளையல் ரெண்டாக உடைந்தது.

கல்யாணப் பேச்சு நடக்கிற நேரத்தில், பெண்ணைப் பெற்றவர் கையால் வளையல் உடைகிறது! மனுஷன் முகம் வெளிறிவிட்டது. முதலாளி மட்டும் வியாபாரி.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இதை விலைக்கு வாங்கி உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத் தானமாக் கொடுத்துருங்க, தோசம் போயிரும். பையன் வேலையும் இந்த நிமிசத்துல இருந்து நிரந்தரம்."

உபயம்

மண்டிக்காரர் பட்டறையில் கொடுத்து ஏழாவது பந்தின் அச்சை நேராக நிமிர்த்திப் பற்றவைத்தார். தன் பேர் போட்ட சாமானில் ஒன்று விழுந்து கிடக்கலாமா? சூரியன் மேல் சிவப்புப் பெயிண்டில் 'உபயம்' என்று தொடங்கி மண்டி விலாசம் வரை எழுதினார். சூரியன் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் ஆடிட் பற்றிப் பேசவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? ஆவணியில் கல்யாணம். மிச்ச மாடல்களையும் தலைமையாசிரியர்களை விட்டுவிட்டு உபயக்காரர்களிடமே விற்றேன்.

எண்பத்தாறில் ஒரு விண்கலம் யுரேனஸுக்குப் பக்கத்தில் போயிற்று. பேப்பரில் விளக்கப்படம்: கிரகம் படுத்துக் கிடக்கிறது, வளையங்கள் செங்குத்தாக நிற்கின்றன. இத்தனை வருஷம் கழித்து நியாயம் கிடைத்த சந்தோஷத்தில் பஸ் ஏறிப்போய் மாமனாரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"பாத்தீயளா மாப்ளே, நான் கொடுக்கையில நேராத்தான் நின்னுது. இவங்க என்னமோ பண்ணிச் சாய்ச்சுட்டானுவ."

இத்தனை காலம் பை தூக்கி நான் கற்றது இவ்வளவுதான்: கிரகம் எப்படி வேண்டுமானாலும் கிடக்கட்டும், உபயம் எழுதின எழுத்து நேராக இருந்தால் போதும்.