லண்டன் புகழ் அயர்லாந்துக்காரர்கள்

வளைகுடா நகரமான ஃபஹாஹீலில் ஒரு பள்ளிக்கூட ஆடிட்டோரியத்தில், குளிர்காலத்து வெள்ளிக்கிழமைப் பிற்பகல் ஒன்றில், அயர்லாந்திலிருந்து வந்த ஐந்து இளைஞர்கள் தங்கள் ஊர்ப் பழைய இசையை வாசிக்கக் கேட்டேன். கேட்டேன் என்பதே கொஞ்சம் மிகைதான். அன்றைய நிகழ்ச்சியில் பெரும்பகுதி பொன்னாடை.

ஏற்பாடு செய்தது நம்மவர்களின் சங்கம். பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் ஆண்டு மலருக்கு அறிக்கை எழுத என்னை அழைத்திருந்தார்கள். மேடையின் பின்னால் கட்டிய பேனரில் 'லண்டன் புகழ் இசைக்குழு' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதன் கீழே ஐந்து பேரின் சிறிய படம். பக்கத்தில், அந்த ஐந்தையும் உள்ளே வைத்து மூடிவிடலாம் என்ற அளவில் சங்கத் தலைவரின் படம்.

இவர்கள் அயர்லாந்துக்காரர்கள், லண்டன் என்றால் வருத்தப்படுவார்கள் என்று தலைவரிடம் சொன்னேன்.

"அயர்லாந்துன்னு போட்டா யாரு சார் வருவா? அது எங்க இருக்குன்னு நம்ம கமிட்டியிலயே பாதிப் பேருக்குத் தெரியாது. லண்டன்னாதான் ஒரு கெத்து."

கான்செர்டினா என்ற சின்னக் கைத்துருத்தியை வாசிக்கும் பெண்தான் குழுவுக்குத் தலைவி. அவள் பேனரைப் படித்தாள், பக்கத்திலிருந்த புல்லாங்குழல்காரனைப் பார்த்தாள், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நிகழ்ச்சி முடியும்வரை அந்த மேடையில் நான் கண்ட ஒரே நாகரிகமான செயல் அது.

குழுவை வரவழைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. தலைவரின் மகளுக்குப் பதினான்கு வயது. பள்ளியில் ஓர் அயர்லாந்து ஆசிரியையிடம் வயலின் கற்கிறாள். கடைசி உருப்படியில் அவளும் குழுவோடு சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. குழுவின் வயலின்காரன் முன்கூட்டியே அனுப்பியிருந்த பதிவைக் கேட்டு அவள் வாரக்கணக்கில் பழகியிருந்தாள். மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால் வயலினைப் பிடித்தபடி நின்றாள். விரல்கள் மட்டும் கம்பியின் மேல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. சூரியன் மறைந்ததும் ஒலிக்கும் மஃரிப் பாங்குக்குள் ஹாலைக் காலி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கப்புறம் வேறொரு சங்கத்தின் நடன விழா.

பிரதம விருந்தினர் வரும்வரை நிகழ்ச்சி தொடங்கவில்லை. முன்வரிசையில் அவருக்காகப் போட்ட சோபா வெகுநேரம் காலியாகவே கிடந்தது. வந்து உட்கார்ந்ததும் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்தவரின் உரை. முன்னிலை வகித்தவர் அரபு நாடுகளில் தமிழனின் உழைப்பைப் பற்றிப் பேசினார். உழைக்கும் தமிழர்கள் தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரப்பட்டு, கடைசி வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். கூட்டம் கலையாமலிருக்க பிரியாணிப் பொட்டலம் முடிவில்தான் என்று முதலிலேயே அறிவித்தாகிவிட்டது.

ஒருவழியாக வாசித்தார்கள். நல்ல வாசிப்பு. ஒரு மெட்டை இரண்டு மூன்று சுற்று வாசித்து, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவது அவர்கள் வழக்கம். தாவும் இடத்தில் கான்செர்டினாக்காரி தலையை லேசாக அசைப்பாள், ஐந்து பேரும் ஒன்றாகத் தாவுவார்கள்.

என் பின்வரிசையில் இரண்டு பேர்.

"என்னண்ணே, பாட்டே வரல, வெறும் மீசிக்காவே போவுது?"

"பொறுடா. அந்தத் தப்பு மாதிரி வச்சிருக்கான் பாரு, அவன் அடி சுத்தமா இருக்கு. கைய கவனி."

"கையவா? நான் பிரியாணி டப்பாவ கவனிச்சிக்கிட்டு இருக்கேன்."

"ஒன்ன ரூம்லயே விட்டுட்டு வந்திருக்கணும்டா."

இரண்டாவது தொகுப்பின் நடுவில், ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய இடத்தில், பாட்டு முடிந்ததென்று நினைத்துச் செயலாளர் மைக்கோடு மேடையேறினார். கைதட்டச் சொன்னார். பிரதம விருந்தினருக்கு அவசர வேலை இருப்பதால் இப்போதே கௌரவிப்பு என்றார். இசை ஒவ்வொரு கருவியாக நின்றது. கடைசியாக நின்றது அந்தத் தப்பு.

ஐந்து பேருக்கும் பொன்னாடை. கான்செர்டினாக்காரி அதை மடியில் மடித்து வைத்தாள். பிறகு விருந்தினருக்கு. பிறகு புரவலர்களுக்கு: கார்கோக்காரர், டைப்பிங் சென்டர்காரர், இரண்டு ஓட்டல்காரர்கள், பல் டாக்டர். ஒவ்வொருவரும் குடும்பத்தோடு ஏறி, ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் பொன்னாடையையும் தலைவர் தன் கையாலேயே போர்த்தினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. கான்செர்டினாக்காரி எழுந்து போய்த் திரையின் பக்கம் கைகாட்டி அவரிடம் ஏதோ சொன்னாள். "டூ மினிட்ஸ், டூ மினிட்ஸ்" என்றவர் அடுத்த பொன்னாடையை உதறினார். தன் மகளின் நேரத்தை ஒருவர் தன் கையாலேயே ஆள் ஆளாகப் போர்த்தி அனுப்பியதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

பாங்கு கேட்டது. ஹால் பொறுப்பாளரான எகிப்தியர் மேடைக்கு வந்து மைக்கை அணைத்தார்.

"கலாஸ், கலாஸ். மாஃபி டைம். யல்லா."

தலைவர் திரைப் பக்கம் போனார். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. இவங்களையே மறுபடி கூப்புடுறேன்."

"இட்ஸ் ஓகே, டாடி" என்றாள் மகள். அவர் அதை அப்படியே நம்பினார். பிரதம விருந்தினரோடு குரூப் போட்டோ எடுக்க வாசலுக்கு விரைந்தார். ஜனம் பிரியாணிக்கு விரைந்தது.

பாங்கு ஓய்ந்த பிறகு, கேம்ப் ஆட்கள் சிலர் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டியை மூடப் போன வயலின்காரன் நிமிர்ந்து திரையோரம் நின்ற தலைவரின் மகளைப் பார்த்தான். மேடை விளிம்பில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினான். அவள் வந்து உட்கார்ந்தாள். முதல் சுற்றில் வில் நடுங்கியது, ஓர் இடத்தில் சுருதி தவறியது. இரண்டாம் சுற்றில் தப்பு சேர்ந்தது, குழல் சேர்ந்தது. அடுத்த மெட்டுக்குத் தாவும் இடத்தில் கான்செர்டினாக்காரி தலையசைத்தபோது அவளும் சரியாகத் தாவினாள். நாற்காலி மடக்கியவர்களில் ஒருவர், கையைக் கவனிக்கச் சொன்ன என் பின்வரிசைக்காரர், மடக்கிய நாற்காலியைக் கீழே வைக்காமல் நின்றார். எகிப்தியர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு விளக்குப் பலகையருகே போய், எதையும் அணைக்காமல் நின்றார்.

வாசலில் தலைவர் என்னைப் பிடித்தார். தோளில் ஒரு பொன்னாடை. அதை யார் போர்த்தினார்களோ தெரியவில்லை.

"சார், ஒரு சின்ன விஷயம். எழுதும்போது எம்பொண்ணும் குழுவோட வாசிச்சான்னு ஒரு வரி போட்டுருங்க. யாரு பாக்கப் போறா? புள்ள மனசுக்கு ஆறுதலா இருக்கும்."

பொய் எழுதச் சொல்கிறோம் என்ற கூச்சம் குரலில் கொஞ்சம் இருந்தது. அதற்காக மட்டும் அவருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்கலாம். அவள் வாசித்தாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

அறிக்கையில் எழுதினேன்: 'நிகழ்ச்சி முடிந்தபின் தலைவரின் மகள் குழுவோடு வயலின் வாசித்தார். அப்போது தலைவரோ விருந்தினரோ புரவலர்களோ ஹாலில் இல்லை.'

மலர் வந்தது. முதல் வாக்கியத்தில் 'நிகழ்ச்சி முடிந்தபின்' இல்லை. இரண்டாவது வாக்கியமே இல்லை. அந்த இடத்தில் பல் டாக்டர் பொன்னாடையோடு சிரித்துக்கொண்டிருந்தார்.