புளியமரத்தின் செத்த பக்கம்

கமருன்னிஸா யாரையாவது புகழ்ந்து பேசி அந்தத் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. கல்யாண வீட்டுப் பிரியாணியில் உப்புக் குறைந்திருந்தால் மற்ற பெண்கள் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவள் மட்டும் சமையல்காரரைத் தேடிப்போய், "இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில சமைச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். கூத்தாநல்லூரில் அவளுக்கு எதிரி என்று யாரும் இல்லை. எதிரியாக ஒருவருக்கும் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

பத்தொன்பது வயதில் ஜெக்கரியாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை சபராளி, குவைத்தில் வேலை. கையில் மருதாணி மங்குவதற்குள் விமானம் ஏறிவிட்டார். அதற்கப்புறம் விருந்தாளி மாதிரி வந்தார், விருந்தாளி மாதிரியே போனார். மகள் ஃபஹ்மிதாவை வளர்த்துப் படிக்க வைத்ததும், சென்னையில் கட்டிக்கொடுத்ததும், படுக்கையில் கிடந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்ததும் இவள்தான். "வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?" என்று யாராவது கேட்டால், "போன்ல நல்லாத்தான் இருக்காரு" என்பாள்.

மாடியில் மரம் வளர்க்கத் தொடங்கியது தற்செயல். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் ஓர் ஆலங்கன்று முளைத்திருந்தது. பிடுங்கினாள், எறிய மனம் வரவில்லை. உடைந்த பீங்கான் கிண்ணத்தில் மண்ணைப் போட்டு நட்டுவைத்தாள். அது சாகவும் இல்லை, பெரிதாக வளரவும் இல்லை. வருஷக்கணக்கில் கிண்ணத்துக்குள்ளேயே தண்டு தடித்து, விழுது விட்டு, கிழவனைப்போல உட்கார்ந்திருந்தது. ஒரு வாரப் பத்திரிகையில் படத்தைப் பார்த்த பிறகுதான் இதற்குப் போன்சாய் என்று பெயர் இருப்பதே தெரிந்தது. அதன் பிறகு மாடி நிரம்பிவிட்டது.

பக்கத்து வீட்டு மெஹராஜ் பேகம் துணி காயப்போட வரும்போதெல்லாம் சுவருக்கு மேல் தலையை நீட்டி வருத்தப்படுவாள். "பாவம் லாத்தா. நல்லா வளர வேண்டிய மரத்தை இப்படிக் குறுக்கி வச்சிருக்கீங்களே."

"உன் மவளை ப்ளஸ் டூவோட நிறுத்தி வீட்டுல வச்சிருக்கியே, அதுக்கு என்ன பேரு?"

மெஹராஜ் பிழிந்த துணியையே இன்னொரு முறை இறுகப் பிழிந்தாள்.

கஜா புயல் அடித்த மறு வாரம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் அண்ணன் அஹமது கபீரின் தோப்பைப் பார்க்கப் போனாள். தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன. அண்ணன் வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். குளத்துக் கரையில் ஆடுகள் வருஷமெல்லாம் கடித்துக் கடித்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பவே விடாத ஒரு புளியங்கட்டை இருந்தது. அதன்மேல் தென்னை விழுந்து ஒரு பக்கத்தைப் பிளந்துபோட்டிருந்தது. கமருன்னிஸா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கடப்பாரையால் அதைத் தோண்ட ஆரம்பித்தாள்.

"தோப்பே போச்சுன்னு நான் உக்காந்திருக்கேன். நீ குச்சியைத் தோண்டிக்கிட்டு இருக்கே" என்றார் அண்ணன்.

"நீங்க உக்காந்திருந்தா தென்னை எந்திரிச்சு நிக்குமா? தள்ளிக்கங்க, வேர்ல படுது."

அந்தப் புளி பிழைத்தது. கட்டையின் ஒரு பக்கம் மட்டும் செத்துப்போய், பட்டை உதிர்ந்து, முறுக்கிய கயிறாக வெறும் மரம் தெரிந்தது. மறுபக்கம் உயிர் இருந்தது. அந்தப் பக்கத்தில் தாழ்வாக ஒரு கிளை விட்டது. அதைக் கம்பி சுற்றி, நெளித்து, தண்ணீரைத் தொடக் குனிகிற மாதிரி வளர்த்தாள். செத்த பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, மேலே இலையை அடர்த்தியாக விட்டு மறைத்துவைத்தாள். மாமியார் அப்போது இருந்தார். வீட்டில் பட்ட மரத்தை வைத்தால் பரக்கத், வீட்டின் வளம், போய்விடும் என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார் போன பிறகும் மரம் அப்படியேதான் நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெக்கரியா ஒரேயடியாக ஊர் திரும்பினார். வீட்டில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. குவைத்தில் ஒரு கிடங்குக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் என்பதால் சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். கமருன்னிஸா அவற்றைப் பழையபடி கலைத்தாள். தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சிக்கு நடையாய் நடந்தார். மிச்ச நேரமெல்லாம் செல்போனில் வீடியோ. ஐப்பசியில் ஃபஹ்மிதாவுக்குப் பிரசவம் என்று கமருன்னிஸா சென்னைக்குப் போனாள். மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவரிடம் வந்தது.

பேத்தியைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியம் சமைத்துக் கொடுத்துவிட்டு அவள் திரும்பிய அன்று ஜெக்கரியா வாசலிலேயே காத்திருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. "முதல்ல மாடிக்கு வா" என்றார். மாடியில் எதன்மேலோ பூப்போட்ட படுக்கை விரிப்பு போர்த்தியிருந்தது. மந்திரி சிலையைத் திறந்துவைக்கிற பாவனையில் அதை இழுத்தார்.

புளியமரம்தான். தாழ்ந்த கிளையைக் காணோம். அது இருந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குற்றி, அதன் நுனியில் வட்டமாக ஒரு வெட்டு. மேலே இலைகளை உருண்டையாகக் கத்தரித்து ஓட்டல் வாசலில் நிற்கிற குடை மாதிரி ஆக்கியிருந்தார். பின்பக்கம் செத்த மரத்துக்கு வாசக்கதவுக்கு அடித்தது போக மிஞ்சிய வார்னிஷைப் பூசியிருந்தார். வெயிலில் அது பளபளத்தது.

"வீடியோல சொன்னான் கமரு. குறுக்கால போற கிளை குத்தமாம். அப்புறம், அந்தக் காஞ்ச பக்கம் உளுத்துப்போகாம இருக்கணும்ல, அதான் வார்னிஷு."

கமருன்னிஸா அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எதுல வெட்டுனீங்க?"

"காய் நறுக்குற கத்தியில."

"நல்லவேளை. பின்னால ரெண்டு கீலும் ஒரு தாழ்ப்பாளும் வச்சிருந்தீங்கன்னா கக்கூஸ் கதவா மாட்டியிருக்கலாம்."

கீழே போய்விட்டாள். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு வந்தது, காப்பி வந்தது, பேச்சு வரவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். முப்பது வருஷம் பாலைவனத்தில் இருந்தவருக்குக்கூட இந்த மௌனம் புதிது. எல்லாவற்றையும்விட அவளைக் குத்தியது மெஹராஜ் சுவருக்கு மேலிருந்து சொன்னதுதான்: "இப்பத்தான் லாத்தா பார்க்க லட்சணமா இருக்கு. மச்சானுக்கு நல்ல கை."

மழைக்காலம் போய், மாசியில் புளி இலை உதிர்த்தபோது, வார்னிஷையாவது சுரண்டி எடுக்கலாம் என்று உட்கார்ந்தாள். உடைந்த கண்ணாடித் துண்டை வைத்து மெல்ல மெல்லச் சுரண்டினாள். வார்னிஷ் சுருள் சுருளாக வந்தது. அசர் தொழுதுவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கையை எடுத்துவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

செத்த மரம் வேரிலிருந்து உச்சிவரை முறுக்கிக்கொண்டு ஏறியது. அதை ஒட்டி உயிருள்ள பட்டை ஓர் அகலமான நாடாவாக, கூடவே சுற்றிச் சுற்றிப் போனது. உச்சியில் பின்னாலிருந்து ஒரு கிளை, இத்தனை நாளும் யாரும் பார்க்காதது, வலப்பக்கம் எட்டிப் பார்த்தது. புயலும் ஆடும் சேர்ந்து செய்த காரியம் முழுதும் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் வருஷக்கணக்கில் கம்பி சுற்றிக் கொஞ்சியது அந்தப் பக்கத்துச் சாதாரணக் கிளையை. அதுபோல எந்தச் செடியிலும் வளைத்துக்கொள்ளலாம்.

அவளுக்கு முகம் சுட்டது. ஊர்ப் பெண்களின் பேச்சையெல்லாம் காலால் தள்ளியவள் என்று தன்னைப் பற்றி ஒரு நினைப்பு இருந்தது. படுக்கையில் கிடந்த ஒரு கிழவியின் பேச்சுக்கு, அந்தக் கிழவி மௌத்தான பிறகும், மரத்தைச் சுவரைப் பார்க்க நிறுத்திவைத்திருந்திருக்கிறாள். கிளையை அந்த மனுஷன் வெட்டியிராவிட்டால் ஆயுசுக்கும் இந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டாள். அதை நினைத்தபோதுதான் ஆத்திரம் அதிகமானது.

"ஏங்க!" என்று மாடியிலிருந்து கூப்பிட்டாள். ஜெக்கரியா படியில் தடுக்கி விழாத குறையாக ஓடிவந்தார்.

"சட்டியைப் பிடிங்க. ஆடாமப் பிடிக்கணும். வேற எதுவும் செய்யக் கூடாது. யோசிக்கவும் கூடாது."

சட்டியைத் திருப்பினாள். பின்பக்கம் முன்பக்கமானது. அவர் வட்டமாக வெட்டிவைத்த கிளைக்குற்றியின் பட்டையை உரித்து, உளியால் நுனியைப் பிளந்து, இடுக்கியால் நார் நாராகக் கிழித்து இழுத்தாள். கத்தி பட்ட அடையாளம் போய், காற்று முறித்த கிளையாக அது மாறியது. குடையைக் கலைத்தாள். உச்சியிலிருந்த கிளையில் நனைத்த வாழைநாரை இறுகச் சுற்றி, அதன்மேல் கம்பியைச் சுற்றி, பற்களைக் கடித்துக்கொண்டு கீழ்நோக்கி அழுத்தினாள். கிளை முனகியது. ஜெக்கரியா கண்ணை மூடிக்கொண்டார்.

"உடைஞ்சிடுச்சா?"

"உடையணும்னு வேண்டிக்கிட்டிருக்கீங்களா?"

உடையவில்லை. அவர் மெதுவாகக் கேட்டார். "இந்தப் பக்கம் முன்னாடியே இப்படித்தான் இருந்துச்சா கமரு?"

"இருந்துச்சு."

"பின்ன ஏன் சுவத்தைப் பார்க்கத் திருப்பி வச்சிருந்தே?"

"சட்டி ஆடுது. ஒழுங்காப் பிடிங்க."

செத்த மரம் உளுத்துப்போகாமல் வெளுத்து நிற்கச் சுண்ணாம்பையும் கந்தகத்தையும் காய்ச்சித் தடவ வேண்டும். மாடியில் அடுப்பு வைத்துக் காய்ச்சினாள். அழுகிய முட்டை வாடை தெருமுனை வரை போனது. மெஹராஜ் மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "என்ன லாத்தா, உங்க மாடியில என்ன செத்துப்போச்சு?"

"இன்னும் சாகல. சுவத்துக்கு மேல தலையை நீட்டிப் பேசிக்கிட்டிருக்கு."

கரைசல் காய்ந்து வெயிலில் வெளுத்தபோது அந்தப் பக்கம் எலும்பு நிறத்துக்கு வந்தது. சித்திரையில் உயிருள்ள நாடாவின் வழியே ஏறிய சாறு உச்சியில் சிவந்த தளிராக வெளிவந்தது.

அடுத்த தையில் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போன்சாய்க் கண்காட்சி. போகலாம் என்று அரித்தவர் ஜெக்கரியாதான். வாடகைக் காரில் மரத்தை மடியில் வைத்துக்கொண்டு மன்னார்குடி வழியாகப் போனாள். ரோட்டில் பாதிவரை நெல் காயப்போட்டிருந்தார்கள். கார் அதன்மேல் ஏறி இறங்கியபோதெல்லாம் டிரைவருக்குத் திட்டு விழுந்தது.

மண்டபத்தில் நுழைந்ததுமே உதடு கோணியது. மரத்துக்கு மரம் அடியில் வெள்ளைக் கூழாங்கல், பிளாஸ்டிக் கொக்கு, விரல் நீளப் பாலம், தூங்குகிற பொம்மை. ஒரு சட்டியில் குட்டிக் கிணறும் வாளியும்கூட இருந்தன. "மரம் வளர்த்திருக்காங்களா, கொலு வச்சிருக்காங்களா?" என்று கணவரிடம் கேட்டாள், எல்லோருக்கும் கேட்கும்படி. அவள் மரத்துக்கு முன்னால் வைத்த அட்டையில் 'திருமதி ஜெக்கரியா, இல்லத்தரசிகள் பிரிவு' என்று எழுதியிருந்தார்கள். பேனாவை வாங்கி இரண்டு வரியையும் அடித்துவிட்டு 'கமருன்னிஸா' என்று எழுதினாள். பிரிவு எதுவும் எழுதவில்லை.

நடுவர் கோட்டுப் போட்டிருந்தார். புளிக்கு முன்னால் வந்து தாடையைத் தடவினார். "நல்ல முயற்சிம்மா. அந்தக் காஞ்ச பாகத்தைக் கொஞ்சம் இலை விட்டு மறைச்சீங்கன்னா அடுத்த தடவை வாய்ப்பு இருக்கு."

"மறைச்சுத்தான் வச்சிருந்தேன். புத்தி வந்து திருப்பினேன்" என்றாள்.

முதல் பரிசு இலையே தெரியாமல் பூத்திருந்த ஒரு காகிதப்பூவுக்குப் போனது. இரண்டாவது, கிணறும் வாளியும் வைத்த சட்டிக்கு. கைதட்டல் கேட்டபோது கமருன்னிஸா சுண்டல் தின்றுகொண்டிருந்தாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் ஓர் இளம்பெண் வந்து புளிக்கு முன்னால் நின்றாள். கவிப்ரியா என்று பெயர் சொன்னாள். வீட்டில் தானும் இரண்டு மரம் வைத்திருப்பதாகச் சொன்னாள். போட்டோ எடுக்கவில்லை. குனிந்தும் நிமிர்ந்தும் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கிழிந்த கிளைக்குற்றியைக் காட்டினாள். "இங்க ஒரு பெரிய கிளை இருந்திருக்கணுமே. அதை எடுத்ததாலதான் இந்த முறுக்கு தெரியுது. எனக்கு இப்படி வெட்டத் தைரியமே வராது. யாருங்க வெட்டினது?"

ஜெக்கரியா மனைவியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "நான்தான்மா."

கமருன்னிஸா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. அவர் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல விறைத்து நின்றிருந்தார்.

"ஆமா, அவர்தான் வெட்டினாரு" என்றாள். "காய் நறுக்குற கத்தியில."

காரில் திரும்பும்போது நீடாமங்கலம் தாண்டும்வரை ஜெக்கரியா சிரித்துக்கொண்டே வந்தார். பரிசு வாங்கியவர்கள் முகத்தில்கூட அந்தச் சிரிப்பு இல்லை. அவள் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த மறுநாளே தனக்கென்று ஒரு மரம் வேண்டும் என்றார். புளியின் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது என்ற நிபந்தனையோடு ஆல மர இனத்து இச்சிக் கன்று ஒன்றைக் கொடுத்தாள். அவர் அதற்குக் காலையில் தண்ணீர் ஊற்றினார், மத்தியானம் பாவம் என்று ஊற்றினார், மாலையில் மறந்துபோய் மறுபடி ஊற்றினார். பங்குனியில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

கமருன்னிஸா அதைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். கறுத்துக் குழைந்திருந்தது. "குவைத்துல தண்ணியே கிடைக்காம இருந்தீங்களோ? எல்லாத்தையும் இதுக்கே ஊத்தியிருக்கீங்க."

அவள் செத்த கன்றைக் குப்பையில் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். இறங்கி வரும்போது கையில் இன்னொரு இச்சிக் கன்று இருந்தது.

"இந்தாங்க" என்று நீட்டினாள். "இதையும் கொல்லுங்க, பார்ப்போம்."