எட்டு மணிக் கூட்டத்தில் ஐந்து வாக்கியம்

நர்சிங் ஹோமில் ராத்திரி மெயின்டனன்ஸ் பார்ப்பவனை விளக்கு அணைந்த பிறகுதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பெங்காலி பேசும் ஊரில், லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் எனக்கு அந்த வேலை. ஜெனரேட்டர், லிஃப்ட், தண்ணீர் பம்பு மூன்றையும் விடியும்வரை ஓடவைக்க நாங்கள் நாலு பேர், அப்போது நான் இன்சார்ஜ். தினமும் காலை எட்டு மணிக்கு டைரக்டர் அறையில் எல்லாப் பிரிவுக்காரர்களும் கூடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அங்கே "ராத்திரிக்கு எதற்கு நாலு பேர்?" என்ற கேள்வி எழும். பதில் சொல்ல வேண்டியவன் நான். என் வாயை நம்பித்தான் மற்ற மூவருக்கும் வேலை. விடிய விடிய விழித்துவிட்டு, எரிகிற கண்ணோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறவர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

தெரிந்த பெங்காலி அவ்வளவுதான்

தொண்ணூற்று மூன்றில் இன்சார்ஜ் ஆனேன். கரூரில் பத்தாவதோடு படிப்பை விட்டவன். வயரிங் வேலை பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பெங்காலியும் அப்படியே, டீக்கடையிலும் பஸ்ஸிலும். முதல் கூட்டத்துக்கு முந்தைய ராத்திரி முழுக்க ஐந்து வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். கரென்ட் மூன்று தடவை போனது. ஜெனரேட்டர் வந்தது. லிஃப்ட் ஓடுகிறது. தண்ணீர் நிறைந்திருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை.

எனக்கு முன்னால் பேசிய கேன்டீன்காரர் மீன் சரியாக வராததைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசியிருந்தார். ஐந்தையும் ஒப்பித்துவிட்டு நான் உட்கார்ந்ததும் டைரக்டர் மேஜையைத் தட்டினார். ஆறாவது வாக்கியம் எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. "இப்படிப் பேசக் கத்துக்கோங்க எல்லாரும்! ராத்திரி முழுசையும் ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டார் நம்ம மதராஸி."

மூன்று விநாடி மௌனம்

பாராட்டு கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? கோல்பார்க் நடைபாதைக் கடையில், கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பெஞ்சில் படிப்பேன். சுற்றிலும் ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்குப் புத்தகம்தான் துணை.

முக்கியமான விஷயத்துக்கு முன் மூன்று விநாடி நிறுத்தி, எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று, "நேத்து ராத்திரி..." என்று நிறுத்தி, ஒவ்வொருவராகப் பார்த்தேன். அறையில் மூச்சுச் சத்தம் இல்லை. கணக்காளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். லிஃப்டில் ஒரு பல்பு ஃப்யூஸ் ஆனதைத்தான் சொல்ல வந்தேன். அதற்குள் மேட்ரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "யாரு போயிட்டா? எந்த பெட்? சொல்லித் தொலைங்க!"

பிமல்தா ஆரம்பிக்கவில்லை

டியூட்டி தொடங்கும்போது ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றபடியே என் ஆட்களுக்கும் ஒரு கூட்டம் நடத்துவேன். அதுவும் ஒரு நிமிடம்தான். ஜெனரேட்டர் பார்க்கும் பிமல்தா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எதையும் வீட்டு முகவரியிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறவர். ஒருநாள் அவர் வாயைத் திறக்கும்போதே, "சரி, கிளம்புங்க" என்று கையைத் தட்டிவிட்டேன்.

அன்றைக்குக் கரென்ட் போனது. ஜெனரேட்டர் வரவில்லை. ஐசியூவில் மூச்சுக் கருவி நின்றுபோக, ஆறு நிமிடம் நர்ஸ் பெண்கள் கையால் பையை அழுத்தி ஒரு கிழவரைப் பிழைக்க வைத்தார்கள். பிமல்தா ஆம்புலன்ஸை இழுத்துவந்து, அதன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தார். காலைக் கூட்டத்தில் நான் "ஜெனரேட்டர் வந்தது" என்றேன். பொய் இல்லை. மேட்ரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து பிமல்தாவிடம் கேட்டேன், பேட்டரி போச்சு என்று ஏன் முன்பே சொல்லவில்லை? அவர் கோபப்படக்கூட இல்லை. "அதைத்தான் சொல்ல வந்தேன், மூர்த்தி பாபு. நான் ஆரம்பிக்கிறதுக்குள்ள உங்க மீட்டிங் முடிஞ்சுபோச்சு."

வீட்டில் ஒரு கூட்டம்

எட்டே முக்காலுக்கு டாக்குரியா வீட்டுக்குள் நுழைவேன். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மனைவி மங்கை ஒன்பதே காலுக்குக் கிளம்புவாள். எங்கள் குடும்ப வாழ்க்கையே இந்த அரை மணியில்தான் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் நான் அவளிடம் சொன்னேன், "சாப்பிட்டேன். தலைவலி இல்லை. கேஸ் புக் பண்ணிட்டேன்." நான் மேலே யோசிப்பதற்குள் அவள் குடையை எடுத்துவிட்டாள். "ஏங்க, நான் என்ன உங்க டைரக்டரா? இன்னும் ரெண்டு வார்த்தை பேசினா மெமோ குடுத்துடுவாங்களா?"

அன்று அவள் போன பிறகு, சாத்திய கதவைப் பார்த்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அதை யாரும் குறிப்பெடுக்கவில்லை.

பதினோரு வருஷக் குறிப்பேடு

டைரக்டரின் மருமகன் நிர்வாகத்துக்கு வந்தார். கூட்டக் குறிப்பேடுகளையெல்லாம் உட்கார்ந்து படித்துவிட்டு, ஒருநாள் காலைக் கூட்டத்தில் ஆரம்பித்தார். "ராத்திரியில எதுவுமே நடக்கறதில்லை. பதினோரு வருஷமா அதே அஞ்சு வாக்கியம். இப்பல்லாம் கரென்ட்டும் அவ்வளவா போறதில்லை. தானா ஸ்டார்ட் ஆகிற பேனல் போட்டுட்டா மூர்த்தி பாபு ஒருத்தர் போதும். நீங்க என்ன சொல்றீங்க? ரெண்டு நிமிஷம்."

மூன்று பேரின் வேலையை என் சுருக்கமே தின்றுவிட்டிருந்தது. இப்போது பெங்காலி வேண்டிய மட்டும் இருந்தது, எழுந்து நின்றேன். "ஜெனரேட்டர் வந்ததுன்னு நான் சொன்ன ராத்திரிகள்ல ஒண்ணுல அது ஆறு நிமிஷம் வரல. பிமல்தா இல்லேன்னா அந்த பெட் காலி. அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. தண்டனை எனக்குக் குடுங்க, அவங்களை அனுப்பாதீங்க."

 மேட்ரன்தான் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கே நீங்க சொல்வீங்கன்னு, மூர்த்தி, நீங்க எழுந்து போற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருந்தேன்."

புது இன்சார்ஜ்

மூவருக்கும் வேலை நிலைத்தது. எனக்கும் போகவில்லை, இன்சார்ஜ் பொறுப்பு மட்டும் பிமல்தாவுக்குப் போனது. அவருடைய முதல் கூட்டத்தன்று மாடிப்படியில் காத்திருந்தேன். எட்டே கால், எட்டரை, எட்டே முக்கால். வீட்டில் மங்கை கிளம்பிக்கொண்டிருப்பாள். மனுஷன் உள்ளே எதையாவது உளறி, எல்லோர் வேலைக்கும் உலை வைத்துவிட்டாரோ என்று எனக்கு வேர்த்தது.

ஒன்பதரைக்குக் கதவு திறந்தது. பிமல்தா மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார். "சார்ஜ் ஏத்தி ஏத்தி ஓட்டின அந்தப் பேட்டரிக்கு பதிலா புதுசுக்கு கையெழுத்து போட்டுட்டாங்க, மூர்த்தி பாபு! என் முதுகுவலி வரைக்கும் விடாம சொன்னேன், நடுவுல ரெண்டு தடவை டீ வேற குடுத்தாங்க!"

பதினோரு வருஷம் அந்த அறைக்குள் போய்வந்தும் அங்கே டீ கொடுப்பார்கள் என்பதே எனக்குத் தெரியாது, டீ கொதிப்பதற்குள் நான் பேசி முடித்துவிட்டுப் படியிறங்கியிருப்பேன்.