ஒரு செங்கல்கூட வைக்காமல்

நகராட்சி வரிப் பிரிவில் அவளுக்கு டேப்பம்மா என்று பெயர். வீடுகளையும் கடைகளையும் அளந்து வரி போடுவது வேலை. அவள் முனை திரும்பினாலே தெருவுக்குச் சேதி பறந்துவிடும். புதுக் கழிப்பறைக்கு முன்னால் பீரோவை நகர்த்துவார்கள். வெல்டிங் பட்டறைக்காரர் மாடி அறைக்குப் போகும் இரும்புப் படியையே கழற்றி வைத்துவிட்டு, மேலே வானம்தான் இருக்கிறது என்று சாதிப்பார். அவள் ஏணி கேட்டு வாங்கி ஏறி அளப்பாள். அறை கட்டினால் வரி. தகரத்தை எடுத்துவிட்டுத் தளம் போட்டால் வரி. பாடுபட்டவனுக்கு அபராதம் எழுதுகிறோம் என்பது ஒவ்வொரு தடவையும் கையில் உறுத்தும். ஆனாலும் எழுதுவாள்.

பட்டறைக்கு அடுத்தது அரை ஏக்கர் காலி மனை. கம்பிவேலி, உள்ளே முள்மரம். பக்கத்து டீக்கடை கட்டும் வரியில் பாதிகூட அதற்குக் கிடையாது. சொந்தக்காரரைக் கொக்கு என்பார்கள். விலை ஏறட்டும் என்று பத்தொன்பது வருடமாக ஒற்றைக்காலில் நிற்கிறவர்.

அங்கே முன்பு ஏழு கடைகள் இருந்தன. மூன்றாவதில் அவள் அப்பா, எரிந்துபோன பம்பு மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டினார். எதிரே பஸ் நிலையம் வந்ததும் கொக்கு வாடகையை நாலு மடங்காக்கினார், கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார். கட்ட முடியாமல் கடைக்காரர்கள் காலி செய்த மறுவாரமே ஏழு கடைகளையும் இடித்தார். கட்டடம் இல்லையென்றால் வரியும் சொற்பம்தானே? அப்பா வேறொருவர் பட்டறையில் கூலிக்குக் காயில் கட்டி, இரண்டே வருடத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுப்போனது வழக்குக் காகிதங்கள். அதில் ஒரு பக்கம் அவளுக்கு மனப்பாடம்.

வருடா வருடம் அவள் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினாள். கட்டடத்தை விட்டுவிடுவோம், மண்ணின் மதிப்புக்கு மட்டும் வரி போடுவோம். சாலையும் பஸ் நிலையமும் ஊர்ப் பணத்தில் வந்தவை. அதனால் ஏறிய விலை ஊருக்குச் சேரட்டும். பிரிவுத் தலைவர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார். பதினோராம் வருடம் வந்த புது ஆணையர் அதை எடுத்துப் படித்துவிட்டார். ஒரே ஒரு தெருவில் சோதித்துப் பார்க்கலாம், எந்தத் தெரு என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை.

பட்டறைக்காரரின் வரி பாதியாகக் குறைந்தது. கொக்குக்கு நாற்பது மடங்கு ஏறியது. மேல்முறையீட்டுக்கு வக்கீலோடு வந்தார். பள்ளமான மண், தண்ணீர் தேங்கும், சும்மா கொடுத்தாலும் ஆள் வராது என்று உருகினார். ஆணையர் பேனாவைத் திறந்தார். பாதியாகக் குறைத்துவிடலாமா என்று அவளைப் பார்த்தார். இவருக்குக் குறைத்தால் நாளைக்கே எல்லா மனைக்காரர்களும் வரிசை கட்டுவார்கள். சோதனை இந்த அறையிலேயே செத்துவிடும்.

அவள் பழைய காகிதத்தைப் பிரித்து, அவசரமில்லாமல் வாசித்தாள்.

"'எதிரே பஸ் நிலையம் வந்ததால், நான் ஒரு செங்கல்கூட வைக்காமலே, என் மண்ணின் மதிப்பு பத்து மடங்கு ஏறிவிட்டது.' கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானேங்க?"

கொக்கு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது வாடகை கேஸுக்காக வக்கீல் எழுதினது."

"இது வரிக்காக வக்கீல் எழுதினது. ரெண்டுல எது நெசம்னு நீங்களே சொல்லுங்க."

ஆணையர் பேனாவை மூடினார்.

வெளியே வராந்தாவில் கொக்கு அவளை வழிமறித்தார். "நீ யாரும்மா?"

"மூணாவது கடைங்க."

அவருக்குப் பிடிபடவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. மூன்றாவது கடையில் யார் இருந்தார் என்று அவள் சொல்லவில்லை. வரிச்சீட்டு சொல்லிக்கொள்ளும்.

அடுத்த அரையாண்டில் பட்டறைக்காரர் இரும்புப் படியை இனிக் கழற்ற முடியாதபடி சிமென்ட் வைத்துப் பதித்துவிட்டார். கொக்கு மனையில் பாதியை விற்று, பணத்தோடு வரி செலுத்த வந்தார். பியூன் நாற்காலி எடுத்துப் போடப் போனார்.

"வேண்டாம், வரிசையிலயே நிக்கட்டும்," என்றாள் டேப்பம்மா. "காத்திருந்து பழகினவர்தானே."