வெங்காயச் சந்தைக்கு வந்த இரண்டு பேர்

வைமார் நகரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்காக ரோஸ்வித்தா சைஃபர்ட் கைப்பட எழுதி வைத்திருந்த தாள் ஒன்று உண்டு. பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில், இரண்டாம் மாடியில் இருந்த தன் வீட்டில் இரண்டு அறைகளை அவள் நாள் வாடகைக்கு விட்டிருந்தாள். அறைக்கு ஒரு தாள், மேசைமேல், கண்ணாடிக்கு அடியில்.

"ரயிலடியிலிருந்து ஊருக்குள் வரும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பெட்டி கனமாக இருந்தால் திரும்பும்போது பேருந்து பிடிக்கவும். திங்கட்கிழமை காட்சிசாலைகள் அநேகமாகப் பூட்டியிருக்கும். பழைய நூலகத்தின் பெரிய கூடத்துக்குள் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று உண்டு. முன்கூட்டியே சீட்டு வாங்காதவர்கள் வாசலைப் பார்த்துவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, ரொட்டியைச் சனிக்கிழமையே வாங்கிக்கொள்ளவும். மலைமேல் உள்ள பழைய நாஜி வதைமுகாமுக்கு ஆறாம் எண் பேருந்து. அது இரண்டு ஊர்களுக்குப் போகும். நெற்றிப் பலகையைப் படித்துவிட்டு ஏறவும். முகாமுக்குப் போய்வந்த அன்று வேறு எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம்."

அந்தத் தாளில் ஒரு பிழையை யாரும் கண்டுபிடித்ததில்லை. ரோஸ்வித்தா ஒழுங்குக்காரி. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லும். சொல்கிறவர்கள் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள். அவளுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

அவளுக்கு அறுபத்தெட்டு வயதான வருஷம், ஜூலை மாதத்தில், ஹனோவரிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

"மதிப்புக்குரிய சைஃபர்ட் அம்மையாருக்கு, அக்டோபர் வெங்காயச் சந்தைக்கு இரண்டு பேர் வருகிறோம். வெள்ளி, சனி இரண்டு இரவும் ஓர் அறை வேண்டும். பின்பக்க அறையாக இருந்தால் நல்லது. ரயிலடியிலிருந்து எந்தப் பேருந்து, மாடிப்படிகள் எத்தனை, காலை உணவு எத்தனை மணிக்கு என்று தெரிவிக்கவும். எடெல்ட்ரவுட் வோய்க்ட்."

எடெல்ட்ரவுட் வேறு யாருமில்லை, ரோஸ்வித்தாவின் கூடப்பிறந்த தங்கை. இதே ஊரில் பிறந்தவள். அதே பின்பக்க அறையில் ஆறு வருஷம் குடியிருந்தவள். அந்தப் படிகளில் பாதி நாள் ஓடித்தான் ஏறுவாள். அவள்தான் படிகள் எத்தனை என்று கேட்டிருந்தாள்.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் ரோஸ்வித்தா. மேல்மாடிக் கிழவர் ஆப்பெல் ரொட்டிப் பையோடு ஏறி வந்தார்.

"என்ன ரோஸ்வித்தா, சந்தைக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கே, இப்பவே வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சிட்டியா?"

"தங்கச்சி வர்றாளாம்."

"எந்தத் தங்கச்சி?"

"எனக்கு என்ன பத்துத் தங்கச்சியா இருக்கு?"

"இல்லம்மா, இருபத்தெட்டு வருஷமா இருக்காளா செத்தாளான்னே தெரியாம இருந்துச்சே, அதான் கேட்டேன். என்ன எழுதியிருக்கா?"

"எந்த பஸ்ஸுன்னு கேட்டிருக்கா."

ஆப்பெல் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "எழுதிப் போடு. எழுதுறதுதான் உனக்குக் கைவந்த வேலையாச்சே" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான்.

பெர்லின் சுவர் இருந்த காலத்தில், இந்தக் கிழக்குப் பக்கத்து ஜெர்மனியில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு வீட்டுப் பதிவேடு உண்டு. யார் வந்தார், எங்கிருந்து, எத்தனை நாள் என்று அதில் எழுத வேண்டும். அந்தக் கட்டடத்தின் பதிவேடு ரோஸ்வித்தாவிடம் இருந்தது. மாதம் ஒருமுறை போலீஸ்காரர் வந்து புரட்டிப் பார்ப்பார்.

எழுபத்தெட்டாம் வருஷம் செப்டம்பரில், லைப்சிக் வணிகச் சந்தைக்கு மேற்கு ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்தான் ஃபோல்கர் டாஸோ என்பவன். அவனுக்கும் எடெல்ட்ரவுட்டுக்கும் இரண்டு வருஷமாகக் கடிதப் போக்குவரத்து. லைப்சிக்கை விட்டு வெளியே போக அவனுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் ஒரு சாயங்காலம் வைமாருக்கு ரயிலேறி வந்துவிட்டான். பின்பக்க அறையில் ஓர் இரவு.

"ஒரே ஒரு ராத்திரிக்கா. விடிஞ்சா போயிடுவாரு. எழுதிடாதக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள் தங்கை.

"சரிடி" என்றாள் ரோஸ்வித்தா.

ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. கணவன் லோத்தாருக்கு ரயில்வேயில் வேலை. இரண்டு பிள்ளைகள். படிக்கட்டில் யாராவது பார்த்திருந்தால்? விடிவதற்குள் அவன் பெயரை எழுதிவிட்டாள். எழுதியதோடு விட்டாளா? மாதக் கடைசிவரை பொறுக்க முடியாமல், யாரும் கேட்காமலேயே, பதிவேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு காலையில் காவல் நிலையத்துக்குப் போய் மேசைமேல் விரித்துக் காட்டினாள்.

அவனை ரயிலடியில் பிடித்து எல்லைக்கு அனுப்பினார்கள். இனி உள்ளே வரக்கூடாது என்று முத்திரை குத்தினார்கள். எடெல்ட்ரவுட்டின் பாலர் பள்ளி ஆசிரியை வேலை போயிற்று. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆறு வருஷம் ரத்தக்கறைத் துணி துவைத்தாள். எண்பத்துநாலில் ஒருவழியாக வெளியேற அனுமதி கிடைத்து ஹனோவருக்குப் போய் இறங்கியபோது, அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

அன்றைக்குப் படிக்கட்டில் அவனைப் பார்த்த ஒரே ஆள் ஆப்பெல். அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இது ரோஸ்வித்தாவுக்குச் சுவர் விழுந்த பிறகுதான் தெரிந்தது. பயப்படுவதற்கு ஒன்றுமே இருந்திருக்கவில்லை.

அப்போதிருந்து தேவாலயத்தில் கடைசி பெஞ்சுதான் அவளுக்கு. திருவிருந்துக்கு மற்றவர்கள் எழுந்து போவார்கள், இவள் போகமாட்டாள். கூடப்பிறந்தவளோடு ஒப்புரவாகாமல் எந்தக் கையை நீட்டி அப்பத்தை வாங்குவது? ஆண்டவர் இரக்கமுள்ளவர்தான். ஆனால் அவர் மன்னிப்பதற்கு முன்னால் மன்னிக்க வேண்டியவள் ஹனோவரில் இருந்தாள்.

ஆகவே பதில் எழுத உட்கார்ந்தவள் நான்கு தாளைக் கிழித்தாள். ஐந்தாவதில் இருந்தது இவ்வளவுதான்: பேருந்து எண், முப்பத்திரண்டு படிகள், காலை உணவு எட்டு மணிக்கு. சந்தை நாள்களுக்குப் பதினோரு வருஷமாக அந்த அறைக்கு வரும் தம்பதியிடம், குழாய் உடைந்துவிட்டது என்று பொய் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம். தெருவெல்லாம் வெங்காயச் சரங்கள் தொங்கின. ரோஸ்வித்தா வெங்காய அப்பம் சுட்டு, இரண்டு பேருக்கும் தட்டு வைத்திருந்தாள். மணி அடித்தது. தலை முழுக்க நரைத்த ஒருத்தி சின்னப் பெட்டியோடு நின்றாள். பின்னால் யாரும் இல்லை.

"வந்துட்டியா, ட்ரவுட்..."

"வணக்கம். அறை தயாரா இருக்கா?"

"இருக்கு. முதல்ல உக்காரு, ஒரு வாய் சாப்பிடு. ரெண்டு பேருன்னு எழுதியிருந்தியே, இன்னொருத்தர் பின்னால வர்றாங்களா?"

"படிவத்தைக் குடுங்க. தங்க வர்றவங்க எழுதணும்ல?"

"உனக்கு எதுக்குடி படிவம்? நீ எழுத வேணாம்."

"ஏன் எழுத வேணாம்? இது என்ன புதுப் பழக்கம்? சட்டம் சட்டந்தானே. உங்களுக்கு அதெல்லாம் சுத்தமா இருக்கணுமே."

ரோஸ்வித்தா மேசை இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். எடெல்ட்ரவுட் நின்றபடியே நிதானமாக எழுதினாள். பெயர், பிறந்த நாள். பிறந்த ஊர்: வைமார். உடன் தங்குபவர் என்ற இடத்தில்: ஃபோல்கர் டாஸோ, ஹனோவர்.

"அவரா... எங்க?"

"ஏப்ரல்ல போயிட்டாரு. அடக்கத்துக்குப் போனேன். கடைசி வரிசையில நின்னேன். அவரு பொண்டாட்டி என்கிட்ட வந்து, நீங்க யாருன்னு கேட்டா."

"ஆண்டவரே..."

"நான் யாருன்னு சொல்லத் தெரியல எனக்கு." படிவத்தை மேசைமேல் நகர்த்தினாள். "இந்தத் தடவை அவரு முறைப்படி வந்திருக்காரு. நல்லாப் பாத்துக்குங்க. எங்க கொண்டுபோய்க் காட்டணுமோ காட்டுங்க."

"பயந்துட்டேன்டி. பிள்ளைங்களை நினைச்சுப் பயந்துட்டேன். மன்னிச்சிடு."

"எல்லாருக்குந்தான் பயம் இருந்துச்சு. ஆப்பெல்லுக்கு இல்லையா?" என்றாள் எடெல்ட்ரவுட். பெட்டியை எடுத்துக்கொண்டு, வழி கேட்காமல் பின்பக்க அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பம் ஆறிப்போனது. மறுநாள் எட்டு மணிக்கு ரோஸ்வித்தா காபியோடு கதவைத் தட்டினாள். அறை காலி. இரண்டு இரவு என்று எழுதியிருந்தவள் ஒரே இரவோடு போய்விட்டாள். இரண்டு தலையணைகளில் ஒன்றில் மட்டும் தலை வைத்த பள்ளம். மேசைமேல், கண்ணாடிக்கு அடியில், அந்தத் தாள் வைத்தது வைத்தபடி இருந்தது. அவளுக்கு அது தேவைப்பட்டிருக்காது. திரும்பிப் போகும் ஏற்றம் அவளுக்குத் தெரியும்.

கீழே வெங்காயச் சந்தையின் வாத்தியக்காரர்கள் ஊதிக்கொண்டு போனார்கள்.

படிவத்தை ஒரு வருஷம் வைத்திருந்து, அதன்பின் மூன்று மாதத்துக்குள் கிழித்துப்போட வேண்டும் என்பது சட்டம். மற்ற எல்லாப் படிவங்களையும் ரோஸ்வித்தா நாள் தவறாமல் கிழிக்கிறாள். அந்த ஒன்றை மட்டும் கிழிக்கவில்லை. அது அவளுடைய பாட்டுப்புத்தகத்துக்குள் இருக்கிறது. ஞாயிறுதோறும் அதை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். திருவிருந்துக்கு அழைக்கிறார்கள். அவள் எழுந்திருப்பதில்லை.