பெரிய வெள்ளிக்கு மோட்டார் போடுவதில்லை

இன்று காலை ஹெப்பகோடியில் மகள் வீட்டுக் குழாய் இருமியது. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு முறை காற்றைத் துப்பிவிட்டு அப்புறம்தான் தண்ணீர் விட்டது. பிரஷை வாயிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த இருமலுக்கு எத்தனை நொடி ஆகிறதென்று எண்ண ஆரம்பித்தேன்.

"அப்பா, தொடங்கிட்டீங்களா? பிளம்பர் வரான், நீங்க சும்னே இருங்க" என்றாள் மகள், பாதி கன்னடத்தில்.

சும்மா இருக்க முடிகிற உடம்பா இது? குழாயில் காற்று வந்தால் எனக்கு ஆஸ்டின் டவுன் ஞாபகம் வந்துவிடும். கூடவே சூடேறிய மோட்டாரின் வார்னிஷ் வாசனையும்.

கல்யாணமான புதிதில் அங்கே வின்சென்ட் அண்ணன் வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் குடியிருந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிணறு. ஒரு பூனை விழுந்ததிலிருந்து அதைத் தகரத்தால் மூடிக் கல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் மோட்டார். அதைப் போடுவது என் வேலை. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டது. சுவிட்சைப் போட்டு எண்ணுவேன். பன்னிரண்டுக்குள் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அந்தக் கோடையில் பன்னிரண்டு இருபதாகி, முப்பதைத் தொட்டது. ஆனால் நிறுத்திவிட்டு உடனே மறுபடி போட்டால் பழையபடி பன்னிரண்டுதான். இதைச் சொன்னால் யார் கேட்டார்கள்?

"கணக்குப்பிள்ளை, நீ எண்றதப் பாத்து மோட்டாருக்கே கூச்சமா இருக்கு" என்பார் வின்சென்ட் அண்ணன்.

பெரிய வெள்ளியன்று அந்த வீட்டில் மோட்டார் போடமாட்டார்கள். கோயில் மணியே அடிக்காத நாளில் இது மட்டும் எதற்கு உறும வேண்டும் என்பது அவர் மனைவி ஸ்டெல்லா அக்காவின் கேள்வி. வியாழக்கிழமையே குடங்களை நிரப்பி வைத்துவிடுவோம். நாங்கள் இந்துக்கள்தான், இருந்தாலும் என் மனைவி கமலா அன்றைக்கு மிக்சிகூடப் போடமாட்டாள்.

அந்த வருடமும் போடவில்லை. மறுநாள், சனிக்கிழமை காலை சுவிட்சைப் போட்டேன். அறுபது எண்ணினேன், நூறு எண்ணினேன். தொட்டி பேசவில்லை. இதோ வந்துவிடும் என்று முந்நூறு வரை போனது என் மடத்தனம். மோட்டார் மேல் கை வைக்க முடியவில்லை. வாசனை மூக்கில் ஏறியதும் நிறுத்தினேன்.

"கிணறு வத்திடுச்சுப்பா" என்றார் வின்சென்ட் அண்ணன். "திங்கக்கிழமை மண் லாரிக்குச் சொல்லிடறேன். மூடிட்டு ரெண்டு ரூம் போட்டுடலாம்."

கமலாவுக்கு அப்போது ஏழாம் மாதம். வயிற்றில் இருந்தது இதே மகள்தான். தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் நான் ஆபீஸ் போன பிறகுதான் தண்ணீர் வரும். கிணறு போனால் அவள் குடத்தோடு அந்த வரிசையில் நிற்க வேண்டும்.

தகரத்தை நகர்த்தி, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். கீழே தொபுக்கென்றது. இழுத்துப் பார்த்தால் இரண்டு ஆள் உயரத்துக்குக் கயிறு நனைந்திருந்தது.

"தண்ணி இருக்குண்ணே. குழாய்தான் காலி. அடியில இருக்கிற வால்வு சரியா மூடல, தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டிருந்திருக்கு. நேத்து முழுக்கப் போடலையா, மொத்தமும் இறங்கிடுச்சு."

"சரி, அதுக்கு?"

"மேல மூடியத் திறந்து குழாய் நிறையத் தண்ணி ஊத்தணும், உள்ள காத்து இருந்தா மோட்டார் இழுக்காது. நாலு குடமாவது வேணும்."

"நம்ம ரெண்டு வீட்டுக்குமே இருக்கிறது நாலு குடம்" என்றார் ஸ்டெல்லா அக்கா. "அதையும் மிஷினுக்கு ஊத்திட்டு, நாளைக்கு ஈஸ்டருக்கு எந்தத் தண்ணியில பிரியாணி ஆக்கறது? உன் கணக்குலயா?"

கமலா எங்கள் குடத்தைத் தூக்கக் குனிந்தாள்.

"ஐயோ மாதாவே, வை கீழ!" அக்கா ஓடிவந்து குடத்தைப் பிடுங்கித் தானே ஊற்றினார். அந்த வேகத்திலேயே மற்ற மூன்றையும். நான்காவது குடத்தோடு குழாயின் வாய்வரை தண்ணீர் ததும்பி நின்றது. அது இறங்குவதற்குள் மூடியைத் திருகிச் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் பொருமியது, இருமியது. ஒன்பது எண்ணும்போது மேலே தொட்டி தடதடத்தது.

என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

"சத்தம் போடாத கணக்குப்பிள்ளை, ஆண்டவர் இன்னும் உயிர்க்கல" என்றார் வின்சென்ட் அண்ணன், வாயெல்லாம் பல்லாக. லாரிக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் குழாயைத் தூக்கிப் பார்த்தபோது வால்வின் ரப்பர் வாஷர் அப்பளம் போல் நொறுங்கியது. புதிது போட்டோம்.

வின்சென்ட் அண்ணன் இப்போது இல்லை. அந்தப் பழைய வீடும் இல்லை. நான்கு மாடி எழும்பிவிட்டது. கிணறு மட்டும் கார்களுக்கு நடுவே கம்பி வலைக்குக் கீழே, மழைத் தண்ணீரை வாங்கிக்கொண்டு வற்றாமல் இருக்கிறது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானாகவே ஓடுமாம். இந்த வருடம் பெரிய வெள்ளியன்று, இன்னும் அங்கேயே இருக்கும் ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் அது உறுமிக்கொண்டிருந்தது.

"நிறுத்தலையாக்கா?"

"சுவிட்சு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது தம்பி" என்று சிரித்தார். "மாடியில எல்லாம் சின்னச் சின்னப் புள்ளைங்க. குளிக்கட்டும், விடு."