புள்ளிகளுக்குப் பெயர் எழுதிய தாஜுன்னிசா

1993 ஜூன் 14 — ரூ. 650
1994 ஏப்ரல் 1 — ரூ. 800
1995 ஏப்ரல் 1 — ரூ. 950
1995 டிசம்பர் 9 — ரூ. 61,400
1996 ஏப்ரல் 1 — ரூ. 1,150

இவற்றில் நான்காவது தொகை மட்டும் தாஜுன்னிசாவுடையது அல்ல. அவளுடைய அத்தா அமீர் ஹம்சா மில்லை விட்டுப் போனபோது வாங்கியது அது. மற்றவை அவளுடைய மாதச் சம்பளம். தகப்பன் போன மறு ஏப்ரலில் மகளுக்கு இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. அப்போது அந்த வீட்டுக்கு மாதம் தவறாமல் வந்த ஒரே சம்பளம் அதுதான்.

துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த நூல் மில் அது. அமீர் ஹம்சா அங்கே ஸ்பின்னிங்கில் இருபத்தாறு வருடம் ஆள். வீடு கோட்டைமேட்டில். மகள் டைப்ரைட்டிங் முடித்து, கம்ப்யூட்டரும் ஆறு மாதம் படித்து, அதே மில்லில் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். பகல் ஷிப்ட் வாரங்களில் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். நான் ஸ்டோர்ஸில் கணக்கு எழுதியவன். என் மேஜைக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான் இருந்தது.

மில்லிலேயே ஏசி போட்ட ஒரே அறை அது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அமீர் ஹம்சா, தலையில் பஞ்சுத் தூசியோடு வந்து கண்ணாடிக்கு வெளியே நிற்பார்.

"பள்ளிவாசலுக்கு அடுத்தபடியா செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுப் போற எடம் இந்த ரூமுதானுங்க" என்பார் என்னிடம்.

"பொண்ணை எட்டிப் பாக்க வந்தீங்களா பாய், ஏசிக் காத்துக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தானுங்க. ரெண்டும் ஓசிதானே?"

1995 நவம்பரில், புதிதாக வந்திருந்த மேனேஜர் தாஜுன்னிசாவிடம் ஒரு படம் கேட்டார். ஸ்பின்னிங்கில் நாற்பத்தெட்டுப் பேர். ஆறு மாதத்தில் ஒவ்வொருவரும் போட்ட லீவு படத்தின் கீழ்க்கோட்டில் வர வேண்டும். அவரவர் மிஷினில் விழுந்த கழிவுப் பஞ்சு பக்கவாட்டுக் கோட்டில் வர வேண்டும். ஆளுக்கு ஒரு புள்ளி. லீவும் கழிவும் அதிகமாக உள்ளவர்கள் வலப்பக்கம் மேல் மூலையில் போய் நிற்பார்கள். ஆள் குறைக்கப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்படிக் குறைப்பார்கள் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

"புள்ளி மட்டும் இருந்தா டைரக்டருக்கு யார்னு புரியாது. பக்கத்துலயே பேர் வரணும்" என்றார் மேனேஜர்.

எக்செல் புள்ளிகளைப் போட்டுக் கொடுத்தது. அந்தந்த ஆளின் பெயரைப் பக்கத்தில் போட அதற்குத் தெரியவில்லை. ஒரு புள்ளியை மவுஸால் தட்டினால் நாற்பத்தெட்டும் சேர்ந்து விழித்துக்கொள்ளும். இன்னொரு முறை தட்டினால்தான் அந்த ஒன்று மட்டும் தனியாக நிற்கும். பிறகு அதற்கு ஓர் எண்ணை வரவழைத்து, அந்த எண்ணை அழித்து, பெயரை அடிக்க வேண்டும். எந்தப் புள்ளி எங்கே நிற்கிறது என்று பாராமல், லிஸ்ட் வரிசையை மட்டும் பார்த்து இரண்டு நாள் அப்படியே ஒவ்வொன்றாக அடித்து முடித்தாள். முடித்த பிறகு மேனேஜர் வந்து பார்த்தார்.

"லிஸ்ட்டை டோக்கன் நம்பர் வரிசைக்கு மாத்திட்டுப் பிரிண்ட் எடும்மா."

மாற்றினாள். பிரிண்டரிலிருந்து தாள் வந்ததும் கையில் எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வலப்பக்கம் மேல் மூலையில், லீவு முப்பத்தொன்றில், தனியாக ஒரு புள்ளி. பக்கத்தில் A. HAMZA.

அதை ஏன் அப்போதே சரிபார்க்கவில்லை என்று பிறகு நானே கேட்டிருக்கிறேன். வேறு யார் பெயராக இருந்தாலும் பார்த்திருப்பேன் என்றாள். சொந்தத் தகப்பன் பெயரானதால், அதில் கை வைத்தால் அத்தாவுக்காக மாற்றினாள் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். தாளை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அமீர் ஹம்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தா, மில்லுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு நீங்க எங்க போனீங்க?"

"எப்போம்மா?"

"இந்த ஆறு மாசத்துல. முப்பத்தொரு நாள்."

அவளுடைய அம்மா ரம்ஜான் பீவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அமீர் ஹம்சா மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கேட்பது விளையாட்டுக்கு இல்லை என்று புரிந்ததும் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

மறுநாள் ஏழு பேரை மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மற்ற ஆறு பேரும் சத்தம் போட்டார்கள். லீவு ரெஜிஸ்டரை எடுங்கள் என்றார்கள்; மேனேஜர் படத்தை மட்டுமே காட்டினார். ஏழாவதாக அமீர் ஹம்சா. கதவு திறந்திருந்தது, எனக்கு எல்லாம் கேட்டது.

"நான் லீவு போட்டா பெருநாளைக்கு மட்டுந்தானுங்க."

"உங்க பொண்ணு போட்ட படம்தானே பாய்? அதுவும் தப்பா?"

நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எம் புள்ள போட்டதுங்களா? அப்படீன்னா சரியாத்தான் இருக்கும். எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?"

மகள் வேலையைத் தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவள் வேலை போகும் என்றும் நினைத்திருக்கலாம். விருப்ப ஓய்வு என்று போட்டிருந்த தாளில் கையெழுத்திட்டார். டிசம்பர் 9 அன்று பணம் வாங்கிக்கொண்டு, கண்ணாடிப் பக்கம் வராமலே போனார்.

வீட்டில் மகளோடு பேச்சு நின்றது. ஜனவரியில், வடக்கே சோலாப்பூரில் ஒரு மில்லில் இருந்த பழைய சிநேகிதர் பீர் முகம்மதுவிடம் போய்விட்டார். அங்கே அனுபவப்பட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மே மாதம் மேனேஜர் மறுபடியும் அதே மாதிரிப் படம் கேட்டார். தாஜுன்னிசா பெயர்களை அடித்தாள், டோக்கன் வரிசைக்கு மாற்றினாள், பிரிண்ட் எடுத்தாள். ஸ்டோர்ஸுக்கு ஆயில் வாங்க வந்த ஃபிட்டர் கருப்புசாமி அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஏனம்மணி, எடதுபக்கம் இந்தக் கடைசிக் கோடிப் புள்ளி யாரு? லீவே போடாத மகராசன்?"

"பேர் போட்டிருக்குதுல்லங்க?"

"சின்னச்சாமீன்னு போட்டிருக்குது. சம்பளம் வாங்கினா மூணு நாளு ஆளே காணாமப் போற சின்னச்சாமியா? ஏனுங்க ஸ்டோர்ஸ்காரரே, இவனுக்கு மாலை போட்டு மெடலு குடுங்க!"

நான் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் தாஜுன்னிசா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"பஸ் சீட்டுல துண்டு போட்ட மாதிரிங்க சார். நான் கையில அடிச்ச பேரு ஆளோட ஒட்டல. மொதோப் புள்ளி, ரெண்டாம் புள்ளின்னு சீட்டோட ஒட்டியிருக்குது. வரிசைய மாத்தினதும் ஆளுங்க எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டாங்க. துண்டு மட்டும் அங்கயே கெடக்குது."

"அப்போ நவம்பர்ல?"

"அதுலயும் இப்படித்தானுங்க." பழைய பைலைத் திறந்து பார்த்திருந்தாள். "எங்கத்தா நாலு நாளுதான் லீவு போட்டிருக்கறாரு."

அந்த மூலைப் புள்ளி உண்மையில் யாருடையது என்பதை நான் எழுதப் போவதில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

படத்தை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "புள்ளி தப்பா இருக்கலாம்மா. கையெழுத்து தப்பில்லையே" என்றார்.

அன்றைக்கே சரியான வழியையும் கண்டுபிடித்தாள். பெயரை அடிக்காமல், புள்ளியின் எழுத்தைத் தொட்டு, சமக்குறி போட்டு, லிஸ்ட்டில் அந்தப் பெயர் இருக்கும் கட்டத்தைத் தட்டி என்டர் அடித்தால் போதும். பெயர் அந்தக் கட்டத்தோடு கட்டுப்பட்டுவிடும். பிறகு லிஸ்ட்டை எப்படி மாற்றி அடுக்கினாலும், அந்தக் கட்டத்துக்கு எந்த ஆள் வருகிறாரோ அவர் பெயரே புள்ளியிலும் வரும். அதற்குப் பிறகு அவள் போட்ட படம் ஒன்றிலும் பெயர் மாறியதில்லை.

அத்தாவுக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினாள். சோலாப்பூரிலிருந்து பதில் ரம்ஜான் பீவியின் பேருக்குத்தான் வந்தது. மழை, சோறு, முட்டிவலி பற்றி எழுதிவிட்டு, அடியில் ஒரு வரி: ‘நான் நாலு நாளுதான் போட்டேன் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.’

அதைப் படித்த பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவளுக்கு முழுதாகப் புரிந்தது. படம் தப்பாகிப்போனதை அவர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவள் போட்ட படம் என்றதும் அவர் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவள்தான் அவரை நம்பாமல் கேள்வி கேட்டாள். "தப்பை நிரூபிச்சுட்டா திரும்பி வந்துருவார்னு நெனச்சனுங்க சார்" என்றாள் என்னிடம். "எங்கத்தாவுக்கு நிரூபிக்கவே வேண்டியதில்லீங்களே."

ஒரு வருடத்துக்கு மேல் மாதம் ஒன்று எழுதினாள். அவள் பேருக்கு ஒன்றுமே வரவில்லை. 1997 ஜூலையில் முதன்முதலாக அவள் பெயர் எழுதிய உறை வந்தது. மில்லுக்கு எடுத்து வந்து எனக்கும் காட்டினாள். உள்ளே அரைப் பக்கம்தான்.

‘தாஜு, இங்கேயும் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். ஆள் குறைக்கப் படம் போடுகிறார்கள். ஆபரேட்டர் சின்னப் பையன், பேரைக் கையால்தான் அடிக்கிறான். வரிசை மாற்றாதே என்று சொன்னால் சிரிக்கிறான். பேரைக் கட்டத்தோடு எப்படிக் கட்டுவது என்று நீ இங்கிலீஷில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதி அனுப்பு. எம் புள்ள எழுதினது என்று காட்டுகிறேன்.’

அன்று மத்தியானம் அவள் சாப்பிடப் போகவில்லை. நான்கு பக்கம் டைப் அடித்தாள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பென்சிலால் படம் வரைந்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில் தமிழில் கையால் ஏதோ எழுதினாள். நான் பார்க்கவில்லை. ஜூலை 24 அன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினோம்.

பதிலை எழுதியவர் பீர் முகம்மது. அமீர் ஹம்சாவுக்கு ஷிப்டில் நெஞ்சுவலி வந்ததாகவும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டதாகவும், தந்தி கொடுத்தும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது என்பதால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். தாஜுன்னிசாவின் தபால் அதற்கு மறுநாள்தான் வந்ததாம். அதையும் உள்ளே வைத்து அனுப்பியிருந்தார், பிரிக்காமல். கோட்டைமேட்டுக்கு அந்தக் கடிதம் வந்தது 1997 ஆகஸ்ட் 7, வியாழக்கிழமை.